மரண பயம் ஒன்றல்ல: கிண்ணியாவை முன்வைத்து ஓர் ஆய்வு

கிண்ணியாவில் மௌத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் முதலில் வரும். இன்னாருடைய மகன், இன்னாருடைய வாப்பா, எந்த வட்டாரம், எந்தத் தொழுகைக்குப் பின் நல்லடக்கம், எந்த மையவாடி என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். கேட்டவர் இறைவனிடமே மீளுதல் பற்றிய வாசகத்தை முணுமுணுப்பார். கடையில் நிற்பவர் மீதிக் காசை எண்ணுவதை நிறுத்திவிட்டு, யார் என்று பக்கத்தில் விசாரிப்பார். மரணத்தை இவ்வளவு பகிரங்கமாக, இவ்வளவு அடிக்கடி கேட்டுப் பழகிய ஊர் இது. ஐந்து வேளைத் தொழுகையும் மறுமை நம்பிக்கையும் வேரூன்றிய ஊரும் இதுதான்.

ஆனாலும் கடந்த இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் இந்த ஊர் பலமுறை அஞ்சி நடுங்கியிருக்கிறது. 2004இல் கடலுக்கும், 2017இல் நுளம்புக்கும், 2020இல் தகன மேடைக்கும், 2021இல் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற படகுக்கும் அஞ்சியது. நம்பிக்கையும் பழக்கமும் மரண பயத்தைப் போக்கிவிடும் என்றால் இந்த நடுக்கங்கள் எங்கிருந்து வந்தன? அவை போக்காது என்றால் எது போக்கும்? கிண்ணியாவின் அனுபவத்தையும் உலக ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. மரண பயம் என்ற ஒரே பெயரில் நாம் பல அச்சங்களைக் கட்டிவைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மருந்து மாறிப்போகும்போதுதான் அச்சம் தீராமல் நிற்கிறது.

நான்கு அச்சங்கள்

மரண பயத்தை அளக்கும் முயற்சி 1970இல் டொனால்ட் டெம்ப்ளர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட 15 கேள்விகள் கொண்ட அளவுகோலோடு சூடு பிடித்தது. மரண பயத்தை ஒரே எண்ணால் அளக்க முடியாது என்பது பின்வந்தவர்களுக்குத் தெளிவானது. எகிப்திய உளவியலாளர் அஹ்மத் அப்துல் காலிக் 2004இல் அரபு மக்களுக்கென்று உருவாக்கிய அளவுகோல், இறந்தவர்கள் மீதும் கபுறுகள் மீதும் உள்ள அச்சம், மரணத்துக்குப் பின் நடக்கப்போவது பற்றிய அச்சம், கொல்லும் நோய்கள் பற்றிய அச்சம், மரணத்தையே ஓயாமல் எண்ணிக்கொண்டிருத்தல் என்று பிரித்துப் பார்த்தது. கிண்ணியாவில் யாரிடமும் இந்தப் பட்டியலைக் காட்டினால், தன் வீட்டிலேயே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைச் சொல்வார்.

இதே பிரிப்பை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி வேறொரு வழியில் செய்திருந்தார். 1111இல் மறைந்த அவருடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது பாகங்கள் கொண்டது. அதன் கடைசிப் பாகம் மரணத்தை நினைவுகூர்தல் பற்றியது. உலகில் மூழ்கியவன் மரணத்தை நினைத்தால் வெறுப்படைகிறான். தவ்பா செய்து திரும்பியவன் இன்னும் ஆயத்தமாகவில்லையே என்று அஞ்சுகிறான். ஞானம் அடைந்தவன் அதை எதிர்பார்த்திருக்கிறான் என்று அவர் மனிதர்களை வகுக்கிறார். இரண்டாமவனுடைய அச்சத்தை அவர் குறையாகக் கொள்ளவில்லை. கடமை முடியாதவனுக்கு இருக்க வேண்டிய கவலை அது என்கிறார்.

இவற்றைத் தொகுத்து, நம் ஊர்ப் பேச்சில் கேட்கும் அச்சங்களை நான்காக வைக்கலாம். எப்படிச் சாவேன் என்பது முதலாவது. நோவு, மூச்சுத் திணறல், உயிர் பிரியும் சக்கராத்து வேளை, தண்ணீரில் தனியே போவது எல்லாம் இதில் அடங்கும். செத்த பின் என்ன நடக்கும் என்பது இரண்டாவது. கபுறின் கேள்விகளும் மறுமைக் கணக்கும் இதற்குள் வரும். என் மையித்தை, அதாவது உடலை, என்ன செய்வார்கள் என்பது மூன்றாவது. என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பது நான்காவது.

செத்தபின் நாம் இல்லை, நாம் இருக்கும்வரை சாவு இல்லை, ஆகவே அஞ்ச எதுவுமில்லை என்று கிரேக்கத்து எபிகூரஸ் வாதிட்டார். மேற்கில் இந்த வாதத்தை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது இல்லாமற்போவதை அஞ்சுகிறவனுக்கு மட்டுமே ஆறுதல். மறுமையில் எழுப்பப்படுவோம் என்று நம்புகிறவரிடமோ, மூன்று குமர்ப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் தாயிடமோ சொன்னால் அது காதிலேயே ஏறாது. அச்சத்தின் வகை தெரியாமல் கொடுத்த ஆறுதலுக்கு இது நல்ல உதாரணம்.

தண்ணீரும் நுளம்பும்: காரணமுள்ள அச்சம்

கொட்டியாரக் குடாவின் ஓரத்தில், கடலும் களப்பும் ஆறும் சூழ்ந்த ஊர் கிண்ணியா. மீன்பிடியும் நெல்லும் பிழைப்பு. பெரும்பான்மை முஸ்லிம்கள், ஆலங்கேணி போன்ற இந்துத் தமிழ்க் கிராமங்களும் இதே பிரதேசத்தில் உள்ளன. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். காலை 7 மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அலை கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரம் உயிர்களுக்கு மேல். கிண்ணியாவில் உயிரைக் காக்க வேண்டிய வைத்தியசாலையே அலையில் அழிந்தது. அதன்பின் நீண்ட காலம் ‘கடல் வருது’ என்று ஒருவர் கத்தினால் போதும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையோர மக்கள் ஓடினார்கள்.

2017 மார்ச்சில் டெங்கு வந்தது. அந்த ஆண்டு இலங்கை முழுவதும் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். நாட்டின் மிகப் பெரிய டெங்குப் பரவல் அதுதான். அதன் தொடக்கத்திலேயே மோசமாக அடிபட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. பாடசாலைகள் மூடப்பட்டன. காய்ச்சல் என்றாலே தாய்மாருக்குக் கை கால் ஓடவில்லை.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகுப்பாதை கவிழ்ந்தது. புதிய பாலம் கட்டும் வேலைக்காகப் பழைய வழி இல்லாமற்போயிருந்ததால், பாடசாலைப் பிள்ளைகளும் அந்த மிதவையில்தான் களப்பைக் கடந்தார்கள். பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தனர். பின்னர் அந்த எண்ணிக்கை கூடியது. இத்தனைக்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 2009 ஒக்டோபரில், இதே ஊரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் துறையடியில் மிதவைப் பாதைக்குக் காத்திருந்த ஊர், அந்தப் பாலம் வந்ததும் தண்ணீர்ப் பயணம் முடிந்தது என்று மூச்சு விட்டிருந்தது.

குறிஞ்சாக்கேணிக்குப் பின் நடந்தது கவனிக்கத்தக்கது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்றார்கள். அதே மக்கள் வீதிக்கு இறங்கி, இந்த மிதவையை யார் ஓட விட்டது என்று கேட்டார்கள். படகை நடத்தியவர்கள் கைதானார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக வெளியாருக்குத் தோன்றலாம். மார்க்க வரலாறு அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, கலீபா உமர் படையோடு பாதி வழியில் திரும்பினார். இறைவிதியிலிருந்தா ஓடுகிறீர் என்று அபூஉபைதா கேட்க, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் விடை கொடுத்தார். விதியை நம்புவது இழந்ததைத் தாங்கிக்கொள்வதற்கு உதவும்; இனி இழக்கப்போவதைத் தடுக்காமல் இருப்பதற்கு அது சாக்காகாது.

இந்த வகை அச்சத்தை மனநோயாகக் காண்பது தவறு. நுளம்பு உண்மையானது, ஓட்டை மிதவை உண்மையானது. இங்கே மருந்து பாலமும் வடிகாலும் உயிர்காப்பு அங்கியும் அபாய எச்சரிக்கையும். 2004க்குப் பிறகு இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறையொன்று அமைக்கப்பட்டது. அபாயம் வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் கடற்கரையில் நிற்கும் தைரியம் ஒன்றாக இராது.

மையித்தின் மானம்

கொவிட் காலத்தில் மூன்றாவது அச்சம் தலைதூக்கியது. 2020 ஏப்ரலில், கொவிட்டால் இறந்தோர் அனைவரையும் தகனம் செய்ய வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம், தகனம் இரண்டுமே பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இலங்கை கேட்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்து இருபது நாளான குழந்தையொன்றும் கொழும்பில் எரிக்கப்பட்டபோது எதிர்ப்பின் அடையாளமாக நாடெங்கும் வேலிகளில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாறியது. மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி, மஜ்மா நகரில் மட்டும் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமானார்கள். அவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரியது.

அந்த மாதங்களில் முஸ்லிம் ஊர்களில் நோய் கண்டவர்கள் வைத்தியசாலைக்குப் போகவே தயங்கினார்கள். சாவுக்கு அஞ்சியிருந்தால் வைத்தியரை நோக்கி ஓடியிருப்பார்கள். எரிக்கப்படுவதற்கு அஞ்சியதால் வைத்தியரிடமிருந்து ஒளிந்தார்கள். அச்சத்தின் வகையை அரசு விளங்கிக்கொள்ளாததன் விலை அது. ஒரு மனிதனுடைய உடல் இறந்தபின் எப்படி நடத்தப்படும் என்ற உறுதி, அவன் உயிரோடிருக்கும்போது கிடைக்க வேண்டிய வைத்தியத்தின் ஒரு பகுதி என்பதைச் சுகாதாரத் துறை இந்த அனுபவத்திலிருந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் உடல் இவ்வளவு முக்கியம் என்பதைக் குளிப்பாட்டும் இடத்தில் நின்றால் விளங்கும். ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டுகிறார்கள். மறைக்க வேண்டிய இடங்களைத் துணியால் மூடியபடியே, வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒற்றைப்படையாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கடைசித் தண்ணீரில் கற்பூரம். ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து துண்டு கபன் துணி. உயிருள்ளவருக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல் மெல்லத்தான் கையாளுவார்கள். பிறகு சந்தூக்கைத் தோள் மாற்றித் தூக்கிச் சென்று, தொழுவித்து, ஆளுக்கு மூன்று பிடி மண் போடுகிறார்கள். இதில் ஒருமுறை கைகொடுத்த இளைஞனுக்கு மையித்து என்றால் பேய்க்கதை என்ற எண்ணம் போய்விடுகிறது. தனக்கும் இது நடக்கும், தன்னையும் இப்படித்தான் தொடுவார்கள் என்று அவன் கண்ணால் கண்டுவிடுகிறான்.

தொழுகைக்கு முன் நடக்கும் இன்னொரு சிறு காரியம் நான்காவது அச்சத்தைத் தொடுகிறது. இறந்தவரின் மகனோ தம்பியோ எழுந்து நின்று, இவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் வாருங்கள், யார் மனமாவது நொந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சபையில் சொல்வார். கடனைத் தீர்ப்பதும், சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வசிய்யத் (உயில்) எழுதுவதும், விதவைக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் காத்திருப்பும் மார்க்கக் கடமைகள். அவை மரண பயத்துக்கான நடைமுறை மருந்துகளும்கூட. பின்னால் இருப்போரைப் பற்றிய கவலையைப் பேசித் தீர்க்க முடியாது. கணக்கு முடித்து வைத்துத்தான் தீர்க்க முடியும்.

இந்துத் தமிழரிடத்திலும் இந்த ஒழுங்கு உண்டு. 31ஆம் நாள் அந்தியேட்டி, அன்று உறவினருக்குக் கொடுக்கும் கல்வெட்டு, தாய்க்குச் சித்திராப் பௌர்ணமி, தகப்பனுக்கு ஆடி அமாவாசை. திருகோணமலைக்கு அருகே உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்ற ஐதீகம் இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிந்தது. இந்தச் சடங்கு நாள்கள் துக்கத்துக்கு ஒரு காலக்கெடு வைக்கின்றன. கெடு இல்லாத துக்கம் எவ்வளவு கொடியது என்பதைக் யுத்த காலத்தில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் கேட்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் இதை முடிவு தெரியாத இழப்பு என்று வகைப்படுத்தினார். கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவரின் வீட்டிலும் அதே நிலைதான்.

உளவியல் என்ன சொல்கிறது?

ஏர்னெஸ்ட் பெக்கர் 1973இல் ‘மரண மறுப்பு’ என்ற நூலை எழுதினார். அடுத்த ஆண்டு அது புலிட்சர் பரிசு பெற்றது. மனிதப் பண்பாடு முழுவதும் மரண பயத்துக்கு எதிராகக் கட்டிய மதில் என்பது அவர் வாதம். அதை வைத்து 1980களில் மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கோட்பாட்டை உருவாக்கினர். மரணத்தை நினைவூட்டினால் மனிதர் தம் இனத்தையும் மதத்தையும் இன்னும் இறுகப் பற்றுவார்கள் என்று நூற்றுக்கணக்கான சோதனைகள் காட்டின. ஆனால் 21 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்து 2022இல் வெளியிட்ட மறுசோதனையில், அந்தக் கோட்பாட்டின் அடிப்படைச் சோதனை எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை. இந்தக் கோட்பாட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மத நம்பிக்கை மரண பயத்தைக் குறைக்குமா? இது பற்றி அரை நூற்றாண்டில் வெளிவந்த நூறு கட்டுரைகளை ஜொனதன் ஜோங் முதலானோர் தொகுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை எந்தத் தொடர்பையும் காணவில்லை. சிலவற்றில் நம்பிக்கை கூடியோரிடம் பயம் குறைவாக இருந்தது. சிலவற்றில் கூடுதலாகவும் இருந்தது. இந்தக் குழப்பம் கிண்ணியாவில் வாழ்பவருக்குப் புதிராக இராது. அதே மார்க்கம் ஒரு வீட்டில் இறைவனின் அருளை முன்னிறுத்துகிறது. இன்னொரு வீட்டில் கபுறு வேதனையை மட்டுமே முன்னிறுத்துகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாம்பும் நெருப்பும் சொல்லித் தூங்க வைத்தால், அந்தப் பிள்ளைக்கு மார்க்கம் போய்ச் சேர்வதற்கு முன் பயம் போய்ச் சேரும்.

சுனாமிக்குப் பின் பிள்ளைகள் மீது நடந்த ஆய்வுகள் நமக்கு நெருக்கமானவை. மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று கரையோர இடங்களில் சில வாரங்களில் செய்த ஆய்வில், நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு அறிகுறிகள் இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதப் பிள்ளைகளிடம் காணப்பட்டன. யுத்தமும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய வடகிழக்கில், 31 பிள்ளைகளுக்கு இரண்டு வகைச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டார்கள். ஒரு சாரார் நடந்ததை வரிசையாகக் கதையாகச் சொன்னார்கள். மறுசாரார் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தில் முதற்சாராரில் 81 சதவீதமும் மறுசாராரில் 71 சதவீதமும் தேறினர். சிகிச்சையை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். வெளிநாட்டு நிபுணர் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. யுத்தமும் சுனாமியும் தனிமனிதரை மட்டுமல்லாமல் ஊரையே காயப்படுத்தின, ஆகவே ஊராகவே ஆற வேண்டும் என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலம் எழுதிவருவதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பெரியவர்களிடத்தில், மரண பயத்துக்கான சிகிச்சைகளைப் பரிசோதித்த ஆய்வுகளை 2018இல் சிட்னி ஆய்வாளர் ரேச்சல் மென்சீஸ் குழுவினர் தொகுத்தனர். எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் சிகிச்சை மற்றவற்றைவிட நன்றாகப் பலித்தது. அஞ்சுவதைத் தவிர்க்காமல் படிப்படியாக எதிர்கொள்வது அதன் சாரம். இதற்கு ஓர் உதாரணம்: 1896இல் மதுரையில் திடீர் மரண பயம் பிடித்தபோது, பதினாறு வயது வேங்கடராமன் பிணம்போல் கிடந்து அந்தப் பயத்தையே ஆராய்ந்தார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி. மையித்துக் குளிப்பாட்டக் கைகொடுப்பதும் அந்த வழியில் வருவதுதான்.

இன்னொரு முடிவு ஆறுதல் தரக்கூடியது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரணத்தை நெருங்கியவர்களின் உண்மையான எழுத்துகளையும், அவர்கள் நிலையில் தங்களை வைத்துக் கற்பனை செய்து பிறர் எழுதியவற்றையும் ஒப்பிட்டது. நெருங்கியவர்களின் சொற்களில் அன்பும் நிறைவும் கூடுதலாக இருந்தன. தூரத்தில் நிற்பவருக்குத்தான் அச்சம் பெரிது.

வலி தீர்க்கும் கடமை

ஆனால் கடைசி நாட்களில் வலி தீராவிட்டால் மேலே சொன்ன ஆறுதல் எதுவும் நிற்காது. முதலாவது அச்சத்துக்கு மருந்து உண்மையிலேயே மருந்துதான். 1967இல் லண்டனில் சிசிலி சோண்டர்ஸ் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் பராமரிப்பகம் நோய்த் தணிப்புச் சிகிச்சையை ஒரு துறையாக நிறுத்தியது. நமக்கு அருகில் உள்ள முன்மாதிரி கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய முயற்சி, பிறகு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரத்தில் அயலவர் வலையமைப்பாகப் படர்ந்தது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று படுக்கையில் கிடப்போரைப் பார்க்கிறார்கள், தாதி வருகிறார், தேவையானால் வாய்வழி மோர்பின் கிடைக்கிறது. 2008இல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே ஏற்றது.

கிண்ணியாவில் நோயாளியைச் சென்று பார்ப்பது ஏற்கனவே சுன்னத்தான வழக்கம். ஆட்களும் மனமும் உண்டு. படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்யவும், வலியை அளந்து வைத்தியருக்குச் சொல்லவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் யாசீன் ஓத வரும் கைகளே அதையும் செய்யும்.

செய்யக்கூடியவை

மேலே சொன்னவற்றிலிருந்து சில கடமைகள் தெளிவாகின்றன. நகர சபையும் பிரதேச சபையும் வடிகாலையும் படகுப் பாதுகாப்பையும் மரண பயத்தைக் குறைக்கும் வேலையாகக் கொள்ள வேண்டும். பாடசாலைகள் சுனாமி ஒத்திகையை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். கதீப்மார் பயான்களில் வேதனையைச் சொல்லுமிடத்தில் இறைவனின் மன்னிப்பையும் அதே அளவு சொல்ல வேண்டும். ஜனாஸாக் குழுக்கள் பதினெட்டு வயது தாண்டிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே குளிப்பாட்டும் வகுப்பு நடத்தலாம். வைத்தியசாலையில் உள்ள மனநலப் பிரிவை ஊரார் வெட்கமின்றி நாடலாம்.

அச்சம் எப்போது நோயாகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெஞ்சு படபடக்க, மூச்சு முட்ட, இதோ மௌத்து வந்துவிட்டது என்று அடிக்கடி தோன்றுவதும், ஈசிஜி சரி என்று வைத்தியர் சொன்னபிறகும் வாரந்தோறும் ஓடிப்போவதும், மையவாடி வழியே போகவே முடியாமலிருப்பதும், இரவுகள் தூக்கமின்றிப் போவதும் ஈமான் குறைவின் அடையாளமல்ல. அவை சிகிச்சை உள்ள நோய்கள். மௌலவியிடம் ஓதிப் பார்ப்பதோடு வைத்தியரிடமும் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவர் சாவைப் பற்றி அஞ்சிப் பேசினால், தைரியமாக இரு என்று வாயை அடைத்துவிடாதீர்கள். எதற்கு அஞ்சுகிறாய் என்று முதலில் கேளுங்கள். வலிக்கா, கணக்குக்கா, உடலுக்கா, பிள்ளைகளுக்கா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு வைத்தியரோ, ஆலிமோ, சட்டத்தரணியோ, பக்கத்து வீட்டுக்காரரோ இருக்கிறார். எவரும் இல்லையென்று தோன்றும் இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.